அப்பா பெயரில் ஒன்று, அம்மா பெயரில் ஒன்று

இசைத் துறையில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு கணக்கு உண்டு. முதல் ஆல்பம் போடுவதற்கு ஒருவருக்குப் பிறந்த நாளிலிருந்தே அவகாசம் இருக்கிறது. இரண்டாவது ஆல்பத்துக்கு ஒன்றரை வருடமோ இரண்டு வருடமோதான். இத்தனை காலம் மனத்தில் சேர்த்து வைத்ததையெல்லாம் முதல் ஆல்பத்திலேயே கொட்டித் தீர்த்திருப்பார்கள். கை காலியாக இருக்கும் நேரம் பார்த்து, ‘அடுத்தது எப்போது?’ என்று நிறுவனம் கேட்கும். ‘அதே மாதிரி இன்னொன்று குடுங்க’ என்று ரசிகர்கள் கேட்பார்கள்.

இது பாடகர்களுக்கு மட்டும் வரும் சங்கடம் அல்ல. முதல் கடை நன்றாக ஓடிய பிறகு இரண்டாவது கடை திறப்பவருக்கும் வரும். வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே நல்ல பெயர் வாங்கிவிட்டு, முப்பது வயதைத் தாண்டி நிற்பவருக்கும் வரும். எது நம்மைத் தூக்கிவிட்டதோ அதையே இறுகப் பிடித்துக்கொள்வதா, இல்லை, கையை விட்டுவிட்டு வேறொன்றைத் தொட்டுப் பார்ப்பதா?

நான் வானொலி அறிவிப்பாளர். வயது முப்பத்து நான்கு. இந்தக் கேள்வி இப்போது என் மேசை மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் சில வாரங்களாக ஒரு பழைய ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 2007இல் வந்தது. பெயர் ‘கலா’. செய்தவர் லண்டனில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பெண். மாதங்கி அருள்பிரகாசம் என்றால் பலருக்குத் தெரியாது. எம்.ஐ.ஏ. என்றால் தெரிந்துவிடும்.

ஒரு பெட்டிக்குள் ஒரு வாத்தியக்குழு

1975இல் லண்டனில் பிறந்தவர் மாதங்கி. கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குப் போனார். போர் மூண்டபோது, பத்துப் பதினொரு வயதில், அம்மாவோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக மறுபடி லண்டனுக்கு வந்து சேர்ந்தார். படித்தது ஓவியமும் திரைப்படமும், இசை அல்ல. 

அவர் கைக்கு ‘ரோலண்ட் எம்சி-505’ என்ற கருவி ஒன்று கிடைத்தது. பார்ப்பதற்கு ஒரு பெரிய கால்குலேட்டர் மாதிரி இருக்கும். உள்ளே மேளம், பேஸ், கீபோர்டு எல்லாம் அடக்கம். வாத்தியம் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. விரலால் பொத்தானை அழுத்தி, அடியை அடுக்கிக்கொண்டே போகலாம். வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வசதியில்லாத ஒருவருக்கு அது ஒரு முழு வாத்தியக்குழு.

அந்தப் பெட்டியில் கட்டிய பாட்டுகளில் ஒன்றான ‘கலாங்’, 2003இல் வெறும் 500 இசைத்தட்டுகளாக வெளியானது. 2005இல் முதல் ஆல்பம் வந்தது. பெயர் ‘அருளர்’. பிரிட்டனின் மெர்குரி விருதுக்கான பட்டியலில் இடம்பிடித்தது. 

அருளர் என்பது அவருடைய தந்தையின் இயக்கப் பெயர். ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். (அவரைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்தவர் என்று மேல்நாட்டுப் பத்திரிகைகள் பல முறை எழுதின, அது தவறு.) மகளின் குழந்தைப் பருவத்தில் அவர் பெரும்பாலும் வீட்டில் இல்லை. வீட்டில் இல்லாத அப்பாவின் பெயர்தான் முதல் ஆல்பத்தின் அட்டையில் ஏறியது.

அந்த ஆல்பத்தின் ஓசையைச் சொல்வதென்றால், காலி அறையில் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் இருக்கும். சதை இல்லை, எலும்புதான். மேளம், ஒரு பீப் சத்தம், நடுவில் அவர் குரல். அந்த வறட்சியே அதற்கு அழகு. அடுத்த ஆல்பமும் அப்படியே வந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூடிய கதவு

இரண்டாவது ஆல்பத்துக்கு அவர் போட்டிருந்த திட்டம் வேறு. அந்தக் காலத்தில் அமெரிக்கப் பாப் இசையின் உச்சியில் இருந்த டிம்பலண்டோடு சேர்ந்து பாட்டுகள் செய்ய வேண்டும். நியூயார்க்கிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ நல்ல ஸ்டூடியோவில் உட்கார்ந்தால் ஆல்பம் முடிந்துவிடும். ஆனால் 2006இல் அமெரிக்கா அவருக்கு விசா தர மறுத்தது.

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. கையில் கணினியும் ஒலிவாங்கியும் இருந்தன. போக முடிந்த நாடுகளுக்கெல்லாம் போனார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான். பெரும்பாலான பாட்டுகளில் துணைக்கு இருந்தவர் ‘சுவிட்ச்’ என்ற பிரிட்டிஷ் தயாரிப்பாளர்.

சென்னையில் ஏ.ஆர். ரகுமான் தன் ஸ்டூடியோவைப் பயன்படுத்திக்கொள்ளக் கொடுத்தார். அங்கே இருபதுக்கும் மேற்பட்ட மேளக் கலைஞர்கள் ஒரே நேரத்தில் உறுமியும் மற்ற தோல் வாத்தியங்களுமாக வாசிக்க, அது பதிவானது. 

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் பொருள் சட்டென்று விளங்கும். இயந்திரத்தில் ஓர் அடியைப் போட்டால் அது போய்ச் சரியாக அதன் கட்டத்துக்குள் உட்கார்ந்துவிடும். நூறு முறை போட்டாலும் நூறும் ஒன்று. இருபது பேர் ஓர் அறையில் அடித்தால் அப்படி வராது. ஒருவர் கை இம்மியளவு முந்தும். இன்னொருவர் கை இம்மியளவு பிந்தும். அந்தச் சிறு இடைவெளிகள் எல்லாம் சேர்ந்துதான் நெஞ்சில் வந்து இடிக்கிற கனத்தைத் தருகின்றன. முதல் ஆல்பத்தில் ஒரு பெண் தன் பெட்டியோடு தனியாக இருந்தாள். இரண்டாவதில் ஊரே வந்து இறங்கிவிட்டது.

பாட்டுகளைக் கேட்டால் தெரியும். ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டில் மேளத்தோடு கோழி கத்துகிறது. 2003இல் வந்த ‘ஜெயம்’ படத்தின் திருவிழாப் பாட்டிலிருந்து ஒரு துண்டும் அதில் இருக்கிறது. ‘பாம்பூ பாங்கா’வில் ‘தளபதி’ படத்துக்கு இளையராஜா போட்ட ‘காட்டுக்குயிலு’ ஒலிக்கிறது. ‘ஜிம்மி’, 1982இல் வந்த ‘டிஸ்கோ டான்சர்’ இந்திப் படத்தின் பாட்டு. இன்னொரு பாட்டில் ஆஸ்திரேலியப் பூர்வகுடிச் சிறுவர்கள் பாடுகிறார்கள். டிம்பலண்டும் இல்லாமல் போகவில்லை. விசா கிடைத்த பிறகு அவரோடு செய்த ஒரு பாட்டும் இருக்கிறது. ஆனால் அது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. தொடக்கத்தில் எது எல்லாமாக இருக்கும் என்று நினைத்தாரோ, அது வால் போல வந்து ஒட்டிக்கொண்டது.

அதற்கு முந்தைய பாட்டுதான் ‘பேப்பர் பிளேன்ஸ்’. ‘தி கிளாஷ்’ என்ற பிரிட்டிஷ் குழு 1982இல் வெளியிட்ட பாட்டின் கிட்டார் ஓசை மேல் கட்டியது. துப்பாக்கி வெடிக்கும் சத்தமும் கடைக் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தமும் வருமே, அதேதான். விசாவுக்காக அலைந்த அலைச்சலும், வெளியூர்க்காரர் என்றாலே சந்தேகப்படும் கண்களும் அந்தப் பாட்டின் கரு. 2008இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடத்துக்கு ஏறியது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் இடம்பெற்றது. அதே படத்தில் ரகுமானோடு சேர்ந்து அவர் செய்த ‘ஓ... சாயா’ ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. ‘கலா’வை 2007ஆம் ஆண்டின் சிறந்த ஆல்பமாக ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் தேர்ந்தெடுத்தது.

கலா என்பது அவருடைய அம்மாவின் பெயர். லண்டனில் தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். முதல் ஆல்பத்துக்கு வெளியில் இருந்த அப்பாவின் பெயர். இரண்டாவதற்கு வீட்டைத் தாங்கிய அம்மாவின் பெயர். பாணி மாறியது, ஓசை மாறியது என்று விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எனக்கு இந்த ஒரு மாற்றமே மற்ற எல்லாவற்றையும் விளக்கிவிடுவதுபோல் தோன்றும். 

“எந்தக் கோயில்ல திருவிழா?”

2007இல் நான் படிவம் ஐந்து படித்துக்கொண்டிருந்தேன். கிள்ளானில் எங்கள் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் அதற்கு முந்தைய ஆண்டு வந்த யோகி பி - நட்சத்ராவின் ‘வல்லவன்’ ஆல்பத்தைத்தான் மனப்பாடமாக வைத்திருந்தோம். மலேசியத் தமிழில் ராப் செய்ய முடியும், ராஜா பாட்டை எடுத்து நம் பேச்சை அதன் மேல் போட முடியும் என்று காட்டியவர்கள் அவர்கள். எம்.ஐ.ஏ.வை நான் கேட்டது பல்கலைக்கழகத்தில், ஊடகப் படிப்பு படிக்கும்போது. ஒலிப்பதிவுப் பாடத்துக்கு ஒரு பாட்டைப் பிரித்து எழுத வேண்டியிருந்தது. ‘பேர்ட் ஃப்ளூ’வை எடுத்தேன்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, கூடத்தில் அதைச் சத்தமாகப் போட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“எந்தக் கோயில்ல திருவிழா?”

“கோயில் இல்லம்மா. லண்டன்ல இருக்கிற ஒரு பொண்ணு போட்ட பாட்டு.”

“லண்டன்லயா? கோழியெல்லாம் கத்துதே. காவு குடுக்கிற அடி மாதிரில இருக்கு!”

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. கையில் இருந்த அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். பாட்டு முடிந்ததும், “இன்னொரு தடவ போடு பாப்பா” என்றார்.

அன்றுதான் எனக்குத் தெரிந்தது, கோலசிலாங்கூர் பக்கத் தோட்டத்தில் என் தாத்தா உறுமி வாசித்தவர் என்று. பால்மரம் வெட்டும் வேலை காலையில். மாரியம்மன் கோயில் திருவிழாவும் முனீஸ்வரன் பூசையும் வந்தால் தோளில் உறுமி. வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலைத் தேய்த்தால் வருமே அந்த உறுமல், அதை வைத்தே அடிப்பவர் யார் என்று தோட்டத்து ஆட்கள் சொல்லிவிடுவார்களாம். அவர் இறந்த பிறகும் அந்தக் குச்சி சாமிப் படத்துக்குப் பின்னால் பல வருடம் செருகி இருந்ததாம்.

இருபது வருடம் அம்மா இதை எங்களிடம் சொல்லவே இல்லை. தோட்டத்தை விட்டு தாமானுக்கு வந்து, கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்து, எங்களைப் படிக்க வைத்தவர். உறுமிச் சத்தம் தெருவில் வந்தால் சன்னலைச் சாத்திவிட்டு, “நீ படி” என்பார். அவருக்கு உறுமி பிடிக்காது என்றே நினைத்திருந்தேன். பிடிக்காமல் இல்லை. பிள்ளைகளை அந்தச் சத்தத்திலிருந்து தூரமாகக் கொண்டுபோக வேண்டும், அதுதான் முன்னேற்றம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். 

நம் நாட்டில் உறுமி மேளத்துக்கு உள்ள நிலை உங்களுக்குத் தெரியும். தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடிக்கு உறுமி இல்லாமல் முடியாது. மறுநாள் அதே உறுமிப் பையன்களைப் பற்றிப் பேச்சு வேறு மாதிரி இருக்கும். சினிமாப் பாட்டு அடிக்கிறார்கள், குண்டர் கும்பல் பிள்ளைகள் என்பார்கள். சில குறைகளில் உண்மையும் இருக்கலாம். ஆனால் பாரம்பரியம் என்று நாம் மேடையில் பெருமையாகச் சொல்லும் பட்டியலில் உறுமி அபூர்வமாகத்தான் வரும்.

என் இரண்டாவது ஆல்பம்

இப்போது என் மேசை மேல் உள்ள கேள்விக்கு வருகிறேன். நான் வாரத்தில் ஓர் இரவு தனியிசை நிகழ்ச்சி ஒன்று நடத்துகிறேன். சினிமாவுக்கு வெளியே பாட்டுப் போடுகிறவர்களின் பாட்டுகள், நடுவில் கொஞ்சம் பேச்சு, நள்ளிரவுக்குப் பொருத்தமான தணிந்த குரல். நான்கு வருடமாக ஓடுகிறது. நேயர்கள் இருக்கிறார்கள், விளம்பரதாரர் இருக்கிறார். ‘உங்க குரலைக் கேட்டுக்கிட்டே கார் ஓட்டிட்டு வீட்டுக்குப் போவேன்’ என்று எழுதும் அக்காக்களும் அண்ணன்களும் இருக்கிறார்கள். 

இந்த ஆண்டு அதை மாற்ற வேண்டும் என்று கேட்டேன். நம் நாட்டு உறுமிக் குழுக்களை ஸ்டூடியோவுக்கு அழைத்து நேரடியாகப் பதிவு செய்ய வேண்டும். கணினியில் மின்னிசை செய்யும் இளைஞர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களையும் அதே அறையில் உட்கார வைக்க வேண்டும். தோட்டங்களில் இன்னும் பாட்டுத் தெரிந்த பாட்டிமார்களைத் தேடிப் போக வேண்டும்.

மேலிடத்தில் யாரும் கோபப்படவில்லை. “நல்லா ஓடிக்கிட்டு இருக்கிறத ஏன் தொடணும்?” என்று அன்பாகத்தான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கடினம். கடைசியில் மூன்று மாதம் தந்திருக்கிறார்கள். அதற்குள் நேயர் எண்ணிக்கை விழுந்தால் பழையபடி மாற வேண்டும். அல்லது அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக் கடன் இருக்கிறது, அம்மாவுக்கு மாத மருந்துச் செலவு இருக்கிறது. விளையாட்டாக எடுத்த முடிவு அல்ல.

எம்.ஐ.ஏ.வை நான் வழிகாட்டியாக வைத்துக்கொள்ளவில்லை. அவர் பேசுவதிலும் செய்வதிலும் எனக்கு உடன்பாடு இல்லாதவை உண்டு. ‘கலா’ விஷயத்திலேயே ஒன்று உறுத்தும். ஆல்பத்தைச் செய்தவர் பெயர் உலகம் முழுக்கப் போனது. அன்று சென்னையில் அடித்த அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆகவே என் நிகழ்ச்சியில் ஒரு விதி வைத்திருக்கிறேன். பாட்டு முடிந்ததும் வாசித்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பெயரையும் ஊரையும் தாங்களே சொல்ல வேண்டும். பத்துப் பேர் என்றால் பத்துப் பேரும். 

ஆனால் அந்த ஆல்பம் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்று உண்டு. மாற்றம் என்றால் புதிய இடத்துக்குப் போவது என்றுதான் நாம் நினைக்கிறோம். நாகரிகமான கருவி, பெரிய ஊர், பெரிய பெயர். அவரும் அப்படித்தான் கிளம்பினார். கதவு மூடியபோது, தன் அம்மா கேட்டு வளர்ந்த ஓசைகள் இருக்கும் திசையிலும் அவரால் நடக்க முடிந்தது. அது பின்னால் போவதாக யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஆண்டில் அதைவிடப் புதிதாக ஒலித்த ஆல்பம் எனக்குத் தெரிந்து வேறில்லை. 

முதல் பதிவு போன வாரம் நடந்தது. பந்திங்கிலிருந்து ஒரு குழு வந்தார்கள். ஒன்பது பேர், பாதிப் பேர் நேராக வேலையிலிருந்து, சீருடையோடு. குழுத் தலைவர் அண்ணன் ஸ்டூடியோவின் கண்ணாடிச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“எத்தன நிமிஷம் குடுப்பீங்க, தங்கச்சி?”

“நாலு நிமிஷம், அண்ணே. ஒரு பாட்டோட நேரம்.”

“எங்களுக்குக் கை சூடேறவே நாலு நிமிஷம் ஆகுமே.”

பதினொரு நிமிடம் அடித்தார்கள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஒலிப்பதிவுத் தம்பி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்து உள்ளே போய் நின்றுகொண்டான். பிறகு ஒன்பது பேரும் வரிசையாக ஒலிவாங்கி முன் வந்து பெயரைச் சொன்னார்கள். ஒரு பையன் தன் பெயரோடு தன் அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் சேர்த்துச் சொன்னான். மூவரும் உறுமிக்காரர்கள்.

பதினொரு நிமிடத்தையும் வெட்டாமல் ஒலிபரப்பினோம். பாதி நேயர்கள் கொண்டாடினார்கள். பாதிப் பேர், ‘ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்காதீங்க’ என்று எழுதினார்கள். இன்னும் பதினோரு வாரம் இருக்கிறது. அடுத்த பதிவுக்கு அம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன். என்ன உடுத்திக்கொண்டு வர வேண்டும் என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.